இடப்பக்கம் வைத்த ஸ்பீக்கர்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கடிதம் எழுதினால்கூட இரண்டு வரி நலம் விசாரித்துவிட்டு நிறுத்திவிடுவேன். நீங்களோ இயன்முறை மருத்துவம் படித்தவர்கள். உங்களில் உதவியாளர்களாக வந்திருப்பவர்களும் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்திருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று மேடத்திடம் கேட்டேன். "நீங்க பண்ணின தப்பை எழுதுங்கண்ணா. அது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல" என்றார். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம் என்பவர் நம் இயன்முறை மருத்துவ மையத்தை நடத்துபவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் ஜேடர்பாளையம் பக்கத்துக் காட்டுக்காரன். கரும்பு தெரியும், மஞ்சள் தெரியும். தறி தெரியாது. பதினெட்டு வருடம் குமாரபாளையத்தில் நம் மையத்துக்கு உதவியாளராக வந்துபோயும் தெருவெல்லாம் கேட்கும் தறிச் சத்தம் எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

பாட்டுப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வந்தபோது எங்களுக்கு அதிசயமாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினீயர் கொண்டுவந்து வைத்தார். பலகையின் இடது பாதியில் ஒரு கால், வலது பாதியில் ஒரு கால். இரண்டு காலிலும் எடை சமமாக விழுந்தால் ஸ்பீக்கரில் நாதஸ்வரம், தவில், தாளம் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ஒரு காலில் எடை குறைந்தால் முதலில் நாதஸ்வரம் போகும், அடுத்து தவில் போகும், கடைசியில் தாளமும் நின்றுவிடும். காலைச் சரிசெய்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். "இடது காலை ஊன்றுங்கள்" என்று நாம் நூறு முறை சொல்வதைப் பாட்டு சொல்லிவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கும் அது நன்றாகவே உதவியது.

ஆனால் பாட்டு, பலகைக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். இதை எனக்குக் காட்டியவர் நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர். எல்லோரும் அவரை லாரிக்கார அண்ணன் என்போம். இடது இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர். வந்த மூன்றாம் நாளிலிருந்தே அவர் ஏறினால் பாட்டு முழுசாக ஒலிக்கும். நான் மற்றவர்களிடம் அவரைக் காட்டிப் பெருமை பேசினேன். ஒரு வாரம் கழித்து மேடம் காலை அளந்து பார்த்தால் தொடையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அண்ணன் ஊன்றுகோலைப் பலகையின் இடது பாதியில் வைத்து, கையால் அழுத்திக்கொண்டிருந்தார். கால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, இப்பிடி ஏமாத்தலாமுங்களா?"

"நான் எங்கீங்க ஏமாத்துனேன்? பாட்டு நடுவுல அறுந்தா எனக்கு ஆவாதுங்க. முப்பது வருசம் பாட்டுக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுனவன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாரம் முழுக்க நான் காதால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பாதத்தைப் பாருங்கள்.

அன்று ஊன்றுகோலை வாங்கி வைத்த பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பலகை பண்றதெல்லாம் எங்க கிளீனர் பண்றதுதானுங்க. வண்டியை ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நின்னு பாடியைத் தட்டிக்கிட்டே இருப்பான். தட்டற வரைக்கும் வரலாம். தட்டு நின்னா பிரேக்கு." நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ராசம்மாள் வந்தார். ஐம்பது தாண்டியவர். இருபத்தைந்து வருடமாக ஒரே தறிக் குடோனில் தறி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை ஓரளவு திரும்பிவிட்டது, இடது கால் மட்டும் பின்தங்கி நின்றது. கணவர் இல்லை. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவன் எண்ணம். நல்ல பையன். தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்று பயந்தான். ராசம்மாளுக்குத் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும், மறுபடி தறியடியில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் மேடத்தின் முன்னால் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒன்றரை மாதம் பயிற்சி. அதன் முடிவில் எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் இரண்டு காலிலும் நின்று காட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஓசூர்.

முதல் நாள் பலகையில் ஏற்றினேன். பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எடை வலப்பக்கம் சாய்ந்து நாதஸ்வரம் போனது. ராசம்மாள் காலைச் சரிசெய்யவில்லை. அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். வலது கை மட்டும் முன்னால் நீண்டது. உடம்பு இன்னும் வலப்பக்கம் போனது. தவிலும் போனது, தாளமும் போனது.

"நிறுத்தாதீங்கக்கா. இடது காலை ஊனுங்க, பாட்டு வந்துரும்."

"செரிங்க தம்பி" என்பார். மறுபடியும் அதேதான்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டு வாரமும் இப்படியே போனது. பாட்டு குறைந்த நொடியில் நின்றுவிடுவார், கை வலப்பக்கம் நீளும். எனக்குப் பொறுமை போய்விட்டது. அறையில் ஆறேழு பேர் இருக்கும்போது, "இத்தன பேரு பண்றாங்க, உங்களுக்கு மட்டும் என்னங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவருடைய பயிற்சி அட்டையில் இரண்டு வார்த்தை எழுதினேன். 'ஒத்துழைப்பு இல்லை.'

நேரில் வாய் திறக்கத் தயங்குகிறவன் நான். பேசத் தயங்குகிறவன் எழுதும்போது கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிடுகிறான். இதை உங்களில் பேசாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அட்டையை எடுத்துப் படித்தான். நான் பக்கத்தில்தான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீயே மனசு வெக்கலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நான் நிக்கத்தான் பாக்கறேன் சாமி."

"இங்க எழுதியிருக்குதே. அடுத்த மாசம் ஊட்டைக் காலி பண்ணிக்கலாம். அங்க லிஃப்ட் இருக்குது, நீ படியே ஏற வேண்டாம்."

ராசம்மாள் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். நான் துண்டை மடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மேடம், "போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "குடோன்ல போயி உக்காந்திருக்குமுங்க. ஊட்டுல இருந்தா அதுக்குத் தலை நோவுதாம்" என்றார்.

இரண்டு தெரு தள்ளித்தான் குடோன். உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் தறிகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. சந்தின் கடைசியில் ராசம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தறிகளைச் சரசு என்ற பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சரசு சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து காதில் கத்தினாள்.

"ஆசுபத்திரிக்காரருங்களா? அக்காளைக் கூட்டிக்கிட்டுப் போவ வந்தீங்களா? உட்டுருங்க, இங்கிருந்தா எனக்கும் ஒத்தாசை. அக்கா உக்காந்தவாக்குல சொல்லிப்போடும் எந்தத் தறி ஓடலைன்னு."

பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், பின்னால் கையை விட்டு ஒரு தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்தினாள். பிறகுதான் திரும்பினாள். நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிவிட்டு வந்தாள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

"எப்பிடீங்க தெரிஞ்சுது?"

"சத்தம் மாறுச்சுங்களே."

"மாறுனா?"

"மாறுனா நிறுத்தோணும். நிறுத்தாம உட்டா துணி பூராப் போயிருமுங்க."

அப்போது இடப்பக்கத்துத் தறி ஒன்றில் ஏதோ ஆனது. எனக்கு அப்போதும் கேட்கவில்லை. ஆனால் நான் ராசம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் உடம்பு சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. கை நீண்டது. தரையில் இருந்த இடது கால், இரண்டு வாரமாக நான் கெஞ்சியும் கொஞ்சியும் அசைக்க முடியாத அந்தக் கால், சிமெண்ட்டில் நன்றாக ஊன்றி அழுந்தியது. சரசு போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் கால் பழையபடி தளர்ந்தது.

நான் அங்கேயே நின்றேன். நம் அறையில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். வலப்பக்கச் சுவரோரம் இருந்தது. பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது, அதனால் அங்கே வைத்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை. வலப்பக்கம் சத்தம் குறைந்தால் அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டு, அறுந்த நூலைத் தேடி வலப்பக்கம் கையை நீட்டியிருக்கிறார். கையோடு எடையும் அங்கே போயிருக்கிறது. இருபத்தைந்து வருடம் நல்ல வேலைக்காரி என்று பெயரெடுத்த பழக்கம் அது. அதற்கு நான் ஒத்துழைப்பு இல்லை என்று பெயர் எழுதியிருக்கிறேன்.

ராசம்மாளோடு வெளியே வந்ததும், "நாளைக்கு வாங்கக்கா" என்றேன்.

"எதுக்குங்க தம்பி? ஓசூருல லிஃப்டு இருக்குதாமுங்க."

"ஒரே நாளு வாங்க. ஒத்து வரலைன்னா நானே கூட்டிவந்து உங்களை இங்க உட்டுர்றேன்."

மேடத்திடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். சொன்னதும் அவர் என்னை மெச்சவும் இல்லை, திட்டவும் இல்லை. "எனக்கும் தோணலையே அண்ணா. நாளைக்கு மாத்திப் பாருங்க. கூடவே அந்த அட்டையில எழுதினதை அடிக்காதீங்க. கீழ உங்க கையாலயே சரியானதை எழுதுங்க. தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்" என்றார். எழுதினேன். 'மேலே நான் எழுதியது தவறு. இவர் முழு மனதோடு செய்கிறார். ஸ்பீக்கர் வைத்த இடம்தான் சரியில்லை.' கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் நீளமான ஒயரை யார் காலிலும் தட்டாதபடி சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்பீக்கரை இடப்பக்கம் ஒரு மரஸ்டூலில் வைத்தேன். கை நீட்டினால் எட்ட ஏதாவது வேண்டுமே என்று, வீட்டிலிருந்து உடைந்த மண்வெட்டியின் பிடியை அறுத்துக் கொண்டுவந்து ஸ்டூலில் கட்டியிருந்தேன். ராசம்மாள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதென்னங்க தம்பி, மம்முட்டிப் புடி?"

"உங்க தறிக்குக் கைப்பிடிங்கக்கா."

நாதஸ்வரம் போனது. அவர் நின்றார். இடப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். பிடியை எட்டுவதற்கு இடது காலில் ஊன்றித்தான் ஆக வேண்டும். ஊன்றினார். நாதஸ்வரம் திரும்ப வந்தது. அவர் பிடியையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நூலு தானா சேந்துக்கிச்சுங்களே" என்றார்.

அன்று நான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாரம் ஒரு சாண் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டே போனோம். பிறகு பிடியை எடுத்துவிட்டோம். கை நீளாமலே உடம்பு மட்டும் இடப்பக்கம் போய்ப் பாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. லாரிக்கார அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "அம்மிணிக்கு மட்டும் தனி செட்டிங்குங்களா?" என்று வம்பிழுப்பார். "உங்க குச்சியை வேணுமுன்னா தாரேன்னு சொல்லுங்க" என்று ராசம்மாளும் விடமாட்டார்.

சோதனை நாள் வந்தது. காலை பதினோரு மணி. மகன் சுவரோரம் நின்றான். கையில் அட்டை இருந்தது. நான் திருத்தியதைப் படித்துவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் கைக்கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்தார். நான் ராசம்மாளின் இடப்பக்கம், ஒரு கை தூரத்தில்.

ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. மூன்று முறை நாதஸ்வரம் போய்த் திரும்பியது. ஆறாவது நிமிடத்தில் மின்விசிறி நின்றது, ஸ்பீக்கரும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது கரண்ட். ராசம்மாளின் உடம்புக்கு அது அறுந்த நூல். அவர் இடப்பக்கம் சாய்ந்தார். சத்தம் வரவில்லை. இன்னும் சாய்ந்தார். வரவில்லை. இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

என் வலது கையை அவர் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனேன். தொட்டால் சோதனை போய்விடும். தொடாவிட்டால் விழுந்துவிடுவார். இந்த மாதிரி நேரத்தில் நிறைய யோசிப்போம் என்று நினைக்காதீர்கள். விழவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கை தயாராக இருந்தது. இன்னும் ஒரு விரல்கடை சாய்ந்தால் பிடித்துவிடுவேன், ஓசூர் என்றாலும் சரி என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு வந்ததும் மனது கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் என் இடது கை சும்மா இருப்பது தெரிந்தது. மரஸ்டூலைத் தட்டினேன். டக், டக், டக் என்று ஒரே சீராக, லாரியின் பாடியைத் தட்டுகிற மாதிரி.

ராசம்மாளின் தலை லேசாகத் திரும்பியது. உடம்பு சாய்வதை நிறுத்தி நடுவுக்கு வந்தது. முழங்கால் அடங்கியது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எடை வலப்பக்கம் நழுவுவது பாதத்தில் தெரிந்தது, தட்டுவதை நிறுத்தினேன். அவர் இடப்பக்கம் வந்தார், தட்டினேன். நாலு பேர் முன்னால் பாட்டுக்குத் தலையாட்டக்கூட வெட்கப்படுகிறவன் நான். அன்று அத்தனை பேர் முன்னால் ஸ்டூலைத் தட்டிக்கொண்டு, ஒரு அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பத்து" என்றார் மேடம்.

ராசம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க தறி ஒரே சீரா ஓடலீங்க தம்பி. நடுவுல நடுவுல நின்னுபோச்சு" என்றார்.

"கிளீனர் வேலைக்கு வாரீங்களான்னு கேக்கலாமுன்னு இருந்தேன்" என்றார் பெஞ்சிலிருந்து லாரிக்கார அண்ணன். "சம்பளம் கம்மிதானுங்க."

மகன் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, இடது முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். நான் அவனிடம் போனேன். சொல்ல வேண்டியதை முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அட்டையில மொதல்ல எழுதுனது என் தப்புங்க தம்பி. அம்மா அன்னைக்கும் இப்பிடித்தான் பண்ணினாங்க. எனக்குத்தான் தெரியலீங்க."

"படிச்சேனுங்க" என்றான். பிறகு அம்மாவிடம், "பாத்ரூம்ல கைப்பிடி வெச்சுட்டுத்தான் போவேன். காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன், எடுக்கோணும்" என்றான்.

"ஆறு மணிக்கு நான் குடோன்ல இருப்பேன். அந்தச் சத்தத்துல போன் அடிச்சாக் கேக்காது சாமி."

"அப்ப அஞ்சரை."

"அஞ்சரைக்குப் பண்ணு."

மூன்று மாதம் கழித்து ராசம்மாள் தறிக்குப் போனார். பழையபடி நாலு தறி இல்லை, இரண்டுதான். இரண்டும் இடப்பக்கம் இருக்கும்படி சரசு பார்த்துக் கொடுத்தாளாம்.

இப்போது என் இடுப்பே சரியில்லை என்று வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் நோயாளியாக உங்களிடம்தான் வருகிறேன், பலகையில் ஏறுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர், பாட்டு முழுசாக ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். அவர் யாரென்று அவருக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதலாம் என்று தைரியம் வந்தது.

சோதனை முடிந்த மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். இடப்பக்கச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துவிட்டுப் போனார்.